முந்தியே இருந்த வருத்தம்

காங்கேசன்துறை வீதியோரம் மருதனார்மடத்தில் கூடுகிற மரக்கறிச் சந்தை, வலிகாமத்துத் தோட்டங்களின் விளைச்சல் கைமாறும் முக்கியமான இடங்களில் ஒன்று. வெங்காயச் சாக்கும் மரவள்ளிக்கிழங்கும் வாழைக்குலையும் லான்ட்மாஸ்டரில் வந்திறங்கித் தராசில் ஏறுகின்றன. பிறகு லொறியில் அடுக்கப்படுகின்றன. இடையில் ஒவ்வொரு கிலோவும் யாரோ ஒருவருடைய தோளிலோ முதுகிலோ சில நிமிடமாவது இருந்துவிட்டுத்தான் போகிறது. அந்த முதுகு ஒரு நாள் பிடித்துக்கொண்டால் என்ன நடக்கும்? சந்தையை விட்டுச் சற்றே தள்ளிப் பார்த்தாலும் இதே கேள்விதான். கராச்சில் சுத்தியல் பிடிப்பவர், மர ஆலையில் வாளுக்கு முன் நிற்பவர், சாரத்தில் ஏறும் மேசன் என்று கேள்வி நீளும். நட்டஈடு என்று பேச்சு வந்த உடனே முதலாளி தரப்பிலிருந்தோ காப்புறுதி நிறுவனத்திடமிருந்தோ எழக்கூடிய மறுப்பு எல்லோரும் அறிந்தது: அது அவருக்கு முந்தியே இருந்த வருத்தம். இந்த வாக்கியம் பல வேளைகளில் உண்மையாகவும் இருக்கும். ஆனால் உண்மையாக இருப்பதாலேயே அது சட்டத்துக்குப் பதிலாகிவிடாது. வடக்கைப் போல ஒரு தலைமுறையே காயத்தோடு வேலைக்கு வந்த மண்ணில், இந்த வாக்கியத்தை முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான தகராறாக மட்டும் விட்டுவைக்கவும் கூடாது என்பது என் வாதம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இலங்கையின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். 1923இன் இந்தியச் சட்டத்தை ஒட்டி வரையப்பட்டது. அதுவோ பிரித்தானியாவின் 1897, 1906ஆம் ஆண்டுச் சட்டங்களின் வழிவந்தது. இந்த மரபு முழுவதும் ஒரு கொடுக்கல்வாங்கலின் மேல் நிற்கிறது. முதலாளி தவறு செய்தார் என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையிலிருந்து எழுந்து, வேலையின்போது நேர்ந்த விபத்தால் காயம் என்றால் போதும். அதற்குப் பதிலாக முதலாளி கொடுக்க வேண்டிய தொகைக்கு ஓர் எல்லை உண்டு. 2022இல் வந்த திருத்தம் அந்த எல்லையை ஐந்தரை இலட்சம் ரூபாவிலிருந்து இருபது இலட்சமாக உயர்த்தியது. வேலைக்குப் போகும் வரும் வழியில் நேரும் விபத்தையும் உள்ளே சேர்த்தது. இரண்டும் நல்ல மாற்றங்கள். ஆனால் எவ்வளவு என்பதையும் எங்கே என்பதையும் தொட்ட திருத்தம், எப்படிப்பட்ட உடம்புக்கு என்ற கேள்வியைத் தொடவில்லை.

தொட வேண்டிய தேவையே இல்லை என்று ஒருவர் சொல்லலாம். விடை பழைய சட்டத்திலேயே இருக்கிறது. நிரந்தர இயலாமைக்குச் சட்டம் தரும் வரைவிலக்கணத்தைக் கவனியுங்கள். முழு இயலாமை என்பது, விபத்து நேர்ந்த வேளையில் அந்தத் தொழிலாளி எந்தெந்த வேலையைச் செய்யக்கூடியவராக இருந்தாரோ, அதையெல்லாம் செய்ய முடியாமற்போவது. பகுதி இயலாமை என்பது, அந்த வேளையில் அவர் செய்யக்கூடியதாக இருந்த வேலைகளில் அவருடைய உழைக்கும் ஆற்றல் குறைவது. அளவுகோல் முழுமையான, பழுதில்லாத ஒரு கற்பனை மனிதர் அல்லர். அன்று காலை வேலைக்கு வந்து நின்ற அந்த மனிதர்தான். ஏற்கெனவே ஒரு கண் இல்லாதவர் விபத்தில் மற்றக் கண்ணை இழந்தால், அட்டவணையைப் பார்த்து ஒரு கண்ணுக்கு இத்தனை வீதம் என்று எழுதிக் கோப்பை மூடுவது இந்த வரைவிலக்கணத்துக்கு நேர்மாறானது. இந்தியச் சட்டத்தின் அட்டவணை ஒரு கண் இழப்புக்கு 40 வீதம் என்று குறிக்கும்போதே, மற்றக் கண் இயல்பாக இருந்தால் என்ற நிபந்தனையையும் அதே வரியில் சேர்த்திருக்கிறது. எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. வாசிப்பவர்கள்தான் அந்தப் பாதி வரியைத் தாண்டிப் போகிறார்கள்.

நீதிமன்றங்களும் இந்த இடத்தில் நூறாண்டுக்கு முன்பே தெளிவாகப் பேசியிருக்கின்றன. 1910இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபையின் முன் வந்த குளோவர் கிளேட்டன் நிறுவனத்தின் வழக்கில், ஒரு தொழிலாளி திருகாணி ஒன்றை இறுக்கிக்கொண்டிருந்தபோது விழுந்து இறந்தார். அவருடைய பெருநாடி நோயால் புடைத்து, வெடிக்கும் நிலையில் இருந்தது. தூக்கத்தில்கூட அது வெடித்திருக்கலாம் என்பதே மருத்துவச் சாட்சியம். அவர் செய்ததோ அன்றாட வேலை. அசாதாரணமான பாரம் எதுவும் இல்லை. நீதிபதிகள் பிளவுபட்டார்கள். ஆனாலும் பெரும்பான்மைத் தீர்ப்பு நட்டஈடு கொடு என்றது. தலைமை வகித்த லோர்ட் லோர்பர்ன் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: மரணம் நோயால் மட்டும் வந்ததா, அல்லது நோயும் வேலையும் சேர்ந்து வந்ததா? சேர்ந்து வந்தது என்றால் உடம்பு எவ்வளவு பலவீனமானது என்பது வேறு விசயம். இரண்டு ஆண்டு கழித்து வந்த இன்னொரு வழக்கு இதைவிட நுட்பமானது. ஒருவருக்கு ஒரு கண்ணில் பார்வையே கிடையாது. ஆனால் வெளியே தெரியாது. விபத்தில் அந்தக் குருட்டுக் கண் அடிபட்டு அகற்றப்பட்டது. பார்வையில் எந்த இழப்பும் இல்லையே, எதற்கு நட்டஈடு என்று முதலாளி கேட்டார். ஆனால் அதுவரை இரண்டு கண்ணோடு தெரிந்த மனிதர் இப்போது ஒற்றைக் கண்ணராகத் தெரிகிறார். யாரும் வேலை கொடுக்கிறார்களில்லை. வேலை செய்யும் வலு இருந்தும் வேலை கிடைக்காமற்போவதும் இயலாமைதான் என்று தீர்ப்பாயிற்று. இந்தத் தீர்ப்பை நான் பலமுறை யோசித்ததுண்டு. இயலாமை எங்கே இருக்கிறது, உடம்பிலா, அந்த உடம்பைப் பார்க்கும் சந்தையிலா என்ற கேள்வியை 1912இலேயே எழுப்பிவிட்டார்கள்.

இந்திய உச்சநீதிமன்றம் 1976இல் அதே அளவுகோலை வேறொரு திசையில் பயன்படுத்தியது. முழங்கைக்கு மேலே இடது கையை இழந்த ஒரு தச்சருக்கு, அட்டவணை முழு இயலாமை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது. ஆகவே அவருக்கு அது நூறு வீத இழப்பு என்ற நட்டஈட்டு ஆணையாளரின் முடிவை நீதிமன்றம் ஏற்றது. 2012இல், டெல்லியிலிருந்து ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்கு மேல் லொறி ஓட்டிச் சென்று வழியில் இறந்த நாற்பத்தைந்து வயதுச் சாரதியின் வழக்கில், மாரடைப்பு இயற்கை மரணம் என்ற காப்புறுதி நிறுவனத்தின் வாதத்தை அது நிராகரித்தது. இவற்றை எல்லா மாரடைப்புக்கும் நட்டஈடு என்று வாசிக்கக் கூடாது. வேலைக்கும் சேதத்துக்கும் தொடர்பு காட்டியாக வேண்டும் என்று 2006இல் அதே நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. நோய் இருந்தது என்பது அந்தத் தொடர்பைத் தானாக அறுத்துவிடாது என்பதுதான் இந்தத் தீர்ப்புகளின் பொதுவான நூல்.

முதுகு வலிக்கு வருவோம். மிக அதிகமாக மறுக்கப்படக்கூடியது அதுதான். படம் எடுத்தால் முள்ளந்தண்டின் இடைத்தட்டுகள் தேய்ந்திருப்பது தெரியும். இது வயதால் வந்தது, சாக்கால் வந்ததல்ல என்று எழுதிவிடலாம். ஆனால் 2015இல் வெளியான ஒரு விரிந்த மருத்துவ மீளாய்வு, வலி என்று எதுவுமே இல்லாத மனிதர்களின் படங்களைத் தொகுத்துப் பார்த்தது. இருபது வயதினரில் 37 வீதத்தினருக்கும், எண்பது வயதினரில் 96 வீதத்தினருக்கும் இடைத்தட்டுத் தேய்வு இருந்தது. அதாவது தேய்வு என்பது வாழ்ந்ததன் அடையாளம். நேற்றுவரை சாக்குத் தூக்கிய ஒருவருக்கு இன்று எழும்ப முடியவில்லை என்றால், தேய்வு நேற்றும் இருந்ததே என்பதுதான் சரியான மறுகேள்வி. நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் மாறியது எது என்று கேட்க வேண்டும். ஒருவேளை எதுவும் மாறாமல் வலி படிப்படியாகத்தான் வந்திருக்கலாம். அப்படியானால் விபத்து என்ற சொல்லுக்குள் அதை அடைப்பது கடினம். ஆனால் படத்தை மட்டும் வைத்து முடிவு எழுதும் அறிக்கை இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

இப்போது நம் மண்ணின் உடம்பைப் பாருங்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதத்தினர், ஏறத்தாழ பதினாறு இலட்சம் பேர், ஏதோ ஒரு வகை இயலாமை உள்ளவர்கள். அதில் வடக்கின் பங்கு வேறு வகையானது. யாழ்ப்பாணத்தின் ஜெய்ப்பூர் நிலையம் 1987இலிருந்து செயற்கைக் கால் பொருத்தி வருகிறது. முகமாலையில் போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும் மிதிவெடி அகற்றினார்கள். கால் இழந்தவரைக் கண்ணுக்குத் தெரியும். தெரியாதவர்கள் எத்தனையோ பேர்: ஒரு காது கேளாதவர், முழங்கை முழுவதும் நீளாதவர், அகற்றினால் ஆபத்து என்று வைத்தியர் விட்டுவைத்த ஷெல் துண்டைச் சுமப்பவர். ‘பீஸ் இருக்கு’ என்று சனங்கள் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். இவர்களில் பலர் முப்பது ஆண்டாக வேலை செய்கிறார்கள். அவர்கள் உழைக்கத் தகுதியானவர்கள் என்பதற்கு அந்த முப்பது ஆண்டைவிட வேறு சான்றிதழ் என்ன வேண்டும்? 1990இல் மூடப்பட்ட காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை போன்ற பெரிய தொழிலிடங்கள் போன பின், வேலை நூறு சின்னப் பட்டறைகளாகச் சிதறிவிட்டது. சந்தையில் நாட்டாமை வேலை செய்பவருக்கு ஒரே நாளில் மூன்று முதலாளி இருக்கலாம். யார் முதலாளி என்பது தனிக் கட்டுரைக்கான விசயம். இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

சரி, பாதிப் பாதியாகப் பிரிக்கலாமே என்பது நியாயமாக ஒலிக்கும் மறுப்பு. காயத்தில் முப்பது வீதம் விபத்தால், எழுபது வீதம் பழைய பழுதால் என்று வைத்தியர் சொன்னால் முதலாளி முப்பதை மட்டும் கொடுக்கட்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா 2004இல் இதையே சட்டமாக்கியது. தான் செய்யாத சேதத்துக்கு ஒருவர் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்ற கேள்வியில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆனால் இந்தப் பிரிப்பு, பழைய பழுது ஏற்கெனவே எழுபது வீத உழைப்பைத் தின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. முழுச் சம்பளத்துக்கு முழு நாள் வேலை செய்தவரிடம் எதைத் தின்றது? பழுது உடம்பில் இருந்தது; சம்பளத்தில் இருக்கவில்லை. நட்டஈடு சம்பளத்தைக் கொண்டு கணிக்கப்படுகிறது. இன்னொன்று, பிரிப்பதற்கு முன்னைய அளவு வேண்டும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்து செம்மணி தாண்டி நடந்தபோது யாரும் வைத்தியசாலைக் கிளினிக் கொப்பியைப் பத்திரமாகப் பொதி கட்டவில்லை. வன்னியில் 2009 மே வரை காயம்பட்டவர்களில் பலரிடம் எந்தத் துண்டும் இல்லை. முன்னைய பதிவு இல்லாத இடத்தில் எழுபது, முப்பது என்று எழுதப்படுவது அளவீடு அல்ல, ஊகம். சட்ட வைத்திய அதிகாரி எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அது ஊகம்தான்.

ஆனால் இதுவரை சொன்னதோடு நிறுத்தினால் நான் உதவ நினைக்கும் மனிதருக்கே குழி பறித்தவனாவேன். இந்த வாதத்துக்கு எதிரான மிகப் பலமான மறுப்பு காப்புறுதி நிறுவனத்திடமிருந்து வரவில்லை, வரலாற்றிலிருந்து வருகிறது. அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் 1925இல், ஏற்கெனவே ஒற்றைக் கண்ணரான ஒரு தொழிலாளி மற்றக் கண்ணையும் இழந்தார். கடைசி முதலாளியே முழு இயலாமைக்கும் பொறுப்பு என்று மாநில உச்சநீதிமன்றம் தீர்த்தது. தொழிலாளிக்கு வெற்றி. பிறகு நடந்தது என்ன? ஒரு கண், ஒரு கை, ஒரு கால் உள்ளவர்களை மாநிலமெங்கும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஏழாயிரத்திலிருந்து எட்டாயிரம் பேர் என்று பிற்பாடு சாட்சியம் சொன்னார்கள். அந்தச் சாட்சியத்தை அமெரிக்க உச்சநீதிமன்றமே 1949இல் எடுத்துக்காட்டியது. எண்ணிக்கை மதிப்பீடுதான், கூடக் குறைய இருக்கலாம். திசையில் சந்தேகம் இல்லை. கணக்குப் பார்க்கத் தெரிந்த எந்த முதலாளியும் அப்படித்தான் செய்வார், கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சுன்னாகத்தில் இரண்டு பேரை வைத்துக் கராச் நடத்துபவரிடம், ஒற்றைக் கண்ணர் மீதிக் கண்ணை இழந்தால் இருபது இலட்சம் வரை உன் தலையில் என்று சொன்னால், அடுத்த முறை கதவைத் தட்டுபவரின் கண்ணை அவர் உற்றுப் பார்க்கத்தானே செய்வார்?

இந்தச் சிக்கலுக்கு நியூயோர்க் மாநிலம் ஒக்லஹோமாவுக்கு முன்பே ஒரு வழி கண்டிருந்தது. அங்கே ஒற்றைக் கையர் ஒருவர் மற்றக் கையையும் இழந்த வழக்கு 1915இல் முடிந்தது. அடுத்த ஆண்டே இரண்டாம் காயத்துக்கென்று ஒரு பொது நிதியம் அமைந்தது. முதலாளி இரண்டாவது காயத்துக்கு மட்டும் கொடுப்பார். அதற்கும் முழு இயலாமைக்கும் இடையிலுள்ள மிச்சத்தை நிதியம் கொடுக்கும். தொழிலாளியின் கைக்கு முழுத் தொகையும் வரும். நிதியத்துக்குக் காசு எங்கிருந்து? பல மாநிலங்கள் கண்ட வழி என்னைக் கவர்ந்தது: வேலையில் இறந்தவருக்குத் தங்கி வாழ்வோர் யாரும் இல்லை என்றால், முதலாளி ஒரு தொகையை நிதியத்துக்குக் கட்ட வேண்டும். தனியனான தொழிலாளியின் உயிர் முதலாளிக்கு மலிவாகிவிடுகிற இன்னொரு ஓட்டையையும் அது அடைத்தது. இரண்டாம் உலகப்போரில் காயப்பட்ட படையினர் வேலை தேடி ஊர் திரும்பியபோது இந்த நிதியங்கள் நாடெங்கும் பரவின. போர் முடிந்த நாட்டுக்கு இது தேவை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

அந்த நிதியங்களையே பிறகு மூடினார்களே என்று விபரம் தெரிந்தவர் கேட்பார். உண்மை. நியூயோர்க் 2007இல் புதிய கோரிக்கைகளுக்குக் கதவை அடைத்தது. வேறு பல மாநிலங்களும் அப்படியே செய்தன. 1990இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் பாகுபாட்டைத் தடைசெய்துவிட்டது, இனி நிதியம் எதற்கு என்பது சொல்லப்பட்ட காரணம். நீரிழிவு, மூட்டுவலி என்று எல்லாவற்றையும் முன்னைய பழுதாகக் காட்டிக் காப்புறுதி நிறுவனங்கள் தங்கள் சுமையை நிதியத்தில் இறக்கியதால் கடன் மலையானது இன்னொரு காரணம். இரண்டாவது காரணம் நமக்குப் பாடம்: நிதியத்தின் வாசல் ஒடுக்கமாக இருக்க வேண்டும். கண், கை, கால், காது போன்ற நிலையான இழப்புகளும் உடம்பில் தங்கிய போர்க்காயங்களும் மட்டும் உள்ளே வரட்டும். தேய்ந்த முதுகு வெளியே நிற்கட்டும். அதை மேலே சொன்ன பழைய சட்ட அளவுகோலே பார்த்துக்கொள்ளும். முதலாவது காரணமோ நமக்குப் பொருந்தாது. நம்முடைய மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1996இலிருந்து இருக்கிறது. அரச வேலைகளில் மூன்று வீதம் ஒதுக்கச் சொல்லும் 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை அதற்கும் மூத்தது. ஆனால் சட்டத்தையும் சுற்றறிக்கையையும் மட்டும் வைத்துக்கொண்டு சந்தைக் கடைக்காரரின் கணக்கை மாற்ற முடியாது.

யார் கொடுப்பது? ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்திலிருந்து எடுக்கலாம் என்று சிலருக்குத் தோன்றலாம். முதலாளிகள் ஏற்கெனவே மூன்று வீதம் அங்கே கட்டுகிறார்கள். நான் உடன்படமாட்டேன். அது தொழிலாளியின் சேமிப்பு; தொழிலாளியின் நட்டஈட்டைத் தொழிலாளியின் சேமிப்பிலிருந்து கொடுப்பது வலக்கைக் காசை இடக்கைக்கு மாற்றுவது. தொழில்சார் காப்புறுதிக் கட்டுப்பணத்தில் ஒரு சிறு அறவீடு, தங்கி வாழ்வோர் இல்லாத மரணங்களில் ஒரு தொகை, அதோடு அரசின் பங்கு என மூன்றும் சேர வேண்டும். அரசின் பங்கு தயவு அல்ல. முதல் காயத்தை மருதனார்மடத்து வியாபாரி கொடுக்கவில்லை, அந்தத் தொழிலாளியும் தேடிப் போகவில்லை. 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் இழப்பீட்டுக்கான அலுவலகத்தை உருவாக்கியது, போரின் பாதிப்புக்கு நாடு பொறுப்பேற்கிறது என்ற அடிப்படையில்தான். பழைய காயம் இருபது ஆண்டு கழித்து ஒரு கராச்சில் இரண்டாம் முறை கேட்கும் விலையும் அந்தப் பாதிப்பின் பகுதியே.

கடைசியாக, மறைத்தவருக்கும் கொடுப்பதா என்ற கேள்வி. வேலைக்குச் சேரும்போது சொல்லாமல் விட்டார், ஆகவே ஏமாற்று என்பார்கள். சொன்னால் வேலை இல்லை, சொல்லாவிட்டால் நட்டஈடு இல்லை என்ற இரண்டு வாசலையும் அடைத்துவிட்டு, ஏன் மறைத்தாய் என்று கேட்பது முறையல்ல. நிதியம் இருந்தால் சொல்வதற்கு ஒரு காரணம் பிறக்கும்: தொழில் திணைக்களத்தில் பழைய இழப்பைப் பதிந்துவைத்தால் முதலாளியின் பொறுப்பு எல்லைக்குள் நிற்கும், தொழிலாளியின் தொகை முழுதாக நிற்கும். தெரிந்துகொண்ட முதலாளிக்கு ஒரு கடமையும் சேரும். அதற்கு லண்டனின் ஸ்டெப்னி நகரசபை வழக்கைப் பார்க்கலாம். அங்கே கராச்சில் வேலை செய்த ஒருவர் 1941 மே மாத விமானக் குண்டுவீச்சில் இடது கண்ணின் பார்வையை இழந்திருந்தார். அடுத்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்தபோது நகரசபைக்கு அது தெரியாது. 1946இல் நிரந்தரமாக்குவதற்கான மருத்துவப் பரிசோதனையில் தெரியவந்தது. 1947 மே 28 அன்று வாகனமொன்றில் இறுகிப்போன ஆணியைச் சுத்தியலால் தட்டியபோது இரும்புச் சிராய் தெறித்து வலது கண்ணும் போயிற்று. கராச் வேலையில் கண்ணாடி கொடுப்பது வழக்கமில்லை என்று நகரசபை வாதாடியது. இரண்டு கண் உள்ளவருக்கு வழக்கமில்லாமல் இருக்கலாம், ஒற்றைக் கண்ணருக்கு இழப்பு இன்னும் பெரியது என்று தெரிந்த பின் அவருக்காவது கொடுத்திருக்க வேண்டும் என்று பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்த்தது. ஆனால் விபத்துக்கு முன்னரே நகரசபை அந்தத் தகவலைக் கொண்டு ஒரு காரியம் செய்திருந்தது. மே 16 அன்று அவருக்கு இரண்டு வார வேலைநீக்க அறிவித்தல் கொடுத்திருந்தது. கண் போன அன்று அவருக்கு மிச்சம் இருந்தது இரண்டு நாள் வேலை.